உள்ளங்கையளவு கிட்னி!

கிட்னி செயலிழந்தால் வாரம் 3 நாள், தடவைக்கு 4 மணி நேரம் டயாலிசிஸ். திருவிடைமருதூர் பக்கம் நடவுக்குப் போகிறவருக்கு அத்தனை நாள் கூலியும் போச்சு. பஸ் செலவு தனி!

அமெரிக்காவில் சுவோ ராய், வில்லியம் பிசெல் குழுவினர் உடம்புக்குள் வைக்கும் செயற்கைக் கிட்னியை உருவாக்கி வருகிறார்கள். சிலிக்கான் தகட்டில் நானோ அளவுத் துளைகள். இதயம் தள்ளும் வேகத்திலேயே ரத்தம் வடிகட்டப்படும். மோட்டார் வேண்டாம், கரண்ட் வேண்டாம். கிட்னி செல்கள் அடங்கிய பகுதியைப் பன்றிக்குள் 7 நாள் வைத்துப் பார்த்த சோதனை 2023-ல் வெளியானது. செல்கள் பிழைத்திருந்தன.

நல்ல சேதிதான். ஆனால் மனிதருக்கு வர நாளாகும். நோய் காத்திருக்குமா?

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டிலேயே டயாலிசிஸ் செய்ய பைகள் தருகிறார்கள். தகுதியுள்ள ஒருவர்கூட விடுபடக் கூடாது. தாலுகாதோறும் டயாலிசிஸ் மெஷின் ஓட வேண்டும். அதிகாரிகள் கவனிப்பார்களா?