டேப்பா? இந்தக் காலத்திலா?

தேக்கா சந்தையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது என் பையிலிருந்த டேப் ட்ரைவைப் பார்த்து நண்பர் சிரித்துவிட்டார். "அண்ணே, இதெல்லாம் சுங்கை ரோட்டுல கிடக்க வேண்டிய சாமான்." பழைய சாமான் விற்ற அந்தத் திருட்டுச் சந்தையை 2017 ஜூலையிலேயே மூடிவிட்டார்கள். சிரிப்பு மட்டும் நிற்கவில்லை. வீட்டில் லினக்ஸ் வைத்திருப்பவருக்கு டேப் பேக்கப் வெட்டிவேலை, க்ளவுடும் ஹார்ட் டிஸ்கும் தாராளம் என்று கணினித் தொழிலில் இருப்பவர்களே சொல்கிறார்கள். அவர்கள் அடுக்கும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன்.

முதலில் என் கதை இரண்டு வரி. கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்தவன் நான். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயில் முகூர்த்தங்களும் தைப்பூசக் காவடிகளுமாக 300 மினிடிவி கேசட்டுகள் சேர்ந்தன. ஒரு மணி நேரப் பதிவு கணினிக்குள் ஏறினால் சுமார் 13 ஜிகாபைட். மொத்தம் கிட்டத்தட்ட 4 டெராபைட். அதில் இருக்கும் பெரியவர்கள் பலர் இப்போது இல்லை.

"டேப் செத்துப்போன தொழில்நுட்பம்." செத்ததற்குப் புதுப் பிள்ளை பிறக்காது. எல்டிஓ என்ற டேப் வகை 2000ஆம் ஆண்டு வந்தபோது ஒரு கேட்ரிட்ஜ் 100 ஜிகாபைட் கொண்டது. 2010இல் வந்த ஐந்தாம் தலைமுறை 1.5 டெராபைட், 2021இல் வந்த ஒன்பதாம் தலைமுறை 18 டெராபைட். 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் பிழையால் ஜிமெயில் பயனர்களில் சிறு பகுதியினரின் அஞ்சல்பெட்டி காலியானது. கூகுள் பல இடங்களில் வைத்திருந்த படிகளையும் அந்தப் பிழை தொட்டுவிட்டது. கடைசியில் டேப்பிலிருந்துதான் மீட்டார்கள். டேப் இணைப்பில் இல்லாததால் பிழை அதை எட்டவில்லை. என் வாதம் முழுவதும் இந்த 'எட்டவில்லை' என்ற ஒரு சொல்லில் அடங்கும்.

"க்ளவுட் இருக்கும்போது எதற்கு?" க்ளவுடும் ஏதோ ஒரு கட்டடத்தில்தான் இருக்கிறது. 2024 செப்டம்பர் 10ஆம் தேதி லோயாங்கில் ஒரு தரவு மையத்தில் லித்தியம் பேட்டரிகள் தீப்பிடித்தன. அலிபாபா க்ளவுடின் சிங்கப்பூர் சேவையில் ஒரு பகுதி படுத்துவிட்டது. இதற்காக க்ளவுடே ஆகாது என்று நான் சொல்லவில்லை, நானும் வைத்திருக்கிறேன். நம்மில் பலர் க்ளவுட் என்று நம்புவது ஒத்திசைவைத்தான். கைபேசியில் ஒரு படத்தை அழித்தால் மேலேயும் அழிகிறது. குப்பைத்தொட்டியில் சில வாரம் கிடக்கும், அப்புறம் போய்விடும். தவறு நடந்ததே ஆறு மாதம் கழித்துத்தான் தெரிகிறது என்றால் எங்கே போய்த் தேடுவது?

"நாஸ் பெட்டியில் ரெய்டு போட்டிருக்கிறேன், போதும்." நாஸ் என்பது வீட்டு நெட்வொர்க்கில் மாட்டும் டிஸ்க் பெட்டி; ரெய்டு அதன் டிஸ்குகளில் தரவைப் பகிர்ந்து எழுதும் முறை. ஒரு டிஸ்க் செத்தால் காப்பாற்றும். நம் கையிலிருந்து நம் கோப்புகளைக் காப்பாற்றாது, திருடனிடமிருந்தும் காப்பாற்றாது. 2021 ஏப்ரலில் க்யூலாக்கர் என்ற பணயத் தாக்குதல் க்யூநாப் நாஸ் பெட்டிகளுக்குள் புகுந்தது. கோப்புகளை 7-ஸிப் கொண்டு கடவுச்சொல் போட்டுப் பூட்டி, திறக்க 0.01 பிட்காயின் கேட்டது. அன்று அந்தப் பெட்டிகளில் ரெய்டு பழுதில்லாமல் வேலை செய்தது. பூட்டிய கோப்புகளை எல்லா டிஸ்கிலும் விசுவாசமாக எழுதி வைத்தது.

"லினக்ஸில் டேப்பைக் கட்டி மேய்க்க முடியாது." லினக்ஸ்காரர் தினமும் தட்டும் 'டார்' என்ற பெயரே டேப் ஆர்க்கைவ் என்பதன் சுருக்கம்தான், 1979இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வந்தது. கெர்னலிலேயே டேப்புக்கான ட்ரைவர் இருக்கிறது. கணினிக்குள் ஒரு எஸ்ஏஎஸ் கார்டைச் சொருகி ட்ரைவை மாட்டினால் அது இரண்டு பெயரில் தெரியும்: எஸ்டி0, என்எஸ்டி0. இரண்டும் ஒரே ட்ரைவ்தான். முதல் பெயரில் எழுதினால் வேலை முடிந்ததும் டேப் தானாகத் தலைக்குத் திரும்பிவிடும். இரண்டாவதில் எழுதினால் நின்ற இடத்திலேயே நிற்கும்.

இந்த ஒரு 'என்'னில்தான் நான் வழுக்கி விழுந்தேன். திங்கள் இரவு 2003ஆம் ஆண்டுக் கல்யாணங்களை எழுதினேன். செவ்வாய் இரவு 2004. இரண்டு முறையும் எஸ்டி0. புதன்கிழமை படித்துப் பார்த்தால் 2003 இல்லை. அதன் தலையிலேயே 2004 ஏறி உட்கார்ந்திருந்தது. மூலம் டிஸ்கில் இருந்ததால் பிழைத்தேன்.

இன்னொரு தொல்லையும் உண்டு. டேப்புக்கு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எல்டிஓ-5 ட்ரைவ் விநாடிக்கு 140 மெகாபைட் விழுங்கும். வேகத்தை ஓரளவு குறைத்துக்கொள்ளும், அதற்குக் கீழே இறங்காது. தரவு தாமதித்தால் நின்று, பின்னால் போய், மறுபடி ஓடி வந்து எழுதும். அந்த இழுபறிச் சத்தம் அறைக்கு வெளியே கேட்கும், டேப்பும் தேயும். 'எம்பஃபர்' என்ற சிறு நிரலை இடையில் வைத்தால் போதும். குழாய் சொட்டினாலும் தொட்டி நிரம்பியபின் திறந்துவிடுவது போல, நினைவகத்தில் சேர்த்துக்கொண்டு மொத்தமாக ஊற்றும். அதன்பிறகு 1.5 டெராபைட் மூன்று மணி நேரத்தில் சத்தமில்லாமல் எழுதி முடிகிறது. ஆக, கற்க வேண்டியது இரண்டு மூன்று கட்டளை. ஒரு வார இறுதி வேலை.

"சிங்கப்பூர் ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடும்." இதில் பாதி உண்மை. பழைய விஎச்எஸ் கேசட்டுகளில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்ததை நம் வீடுகளிலேயே பார்த்திருக்கிறோம். நெடுநாள் வைக்க எல்டிஓ டேப்புக்குச் சொல்லப்படும் ஈரப்பதம் 20 முதல் 50 சதவீதம். நம் ஊர்க் காற்றில் சராசரியே 80க்கு மேல். வீவக வீட்டின் பாம் ஷெல்டரில் பெட்டியோடு பெட்டியாகப் போட்டால் அவர்கள் சொன்னது நடக்கும். ஆனால் கேமரா வைத்திருப்பவர் பலர் வீட்டில் ட்ரை கேபினெட் இருக்கிறது. 40 சதவீதத்தில் வைத்த அந்த அலமாரியில் லென்ஸுக்குப் பக்கத்தில் நாலு கேட்ரிட்ஜுக்கு இடம் இருக்காதா?

"விலை கட்டாது." இதை ஒப்புக்கொள்கிறேன், ஒரு எல்லை வரை. புது ட்ரைவ் பல ஆயிரம் வெள்ளி. வீட்டுக்கு அது வேண்டாம். அலுவலகங்கள் கழித்துக் கட்டிய எல்டிஓ-5 ட்ரைவ் சில நூறு வெள்ளிக்கு வரும். காக்க வேண்டியது சில நூறு ஜிகாபைட்தான் என்றால் அதுவும் வேண்டாம். இரண்டு வெளி டிஸ்க் வாங்கி மாற்றி மாற்றி எழுதி, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். டெராபைட் கணக்கில் வைத்திருப்பவருக்கும், வருடாவருடம் ஒரு படி எடுத்து அதைத் தொடாமல் வைக்க நினைப்பவருக்கும்தான் டேப்.

டேப் பக்தர்களுக்கும் ஒரு மறுப்பு உண்டு. முப்பது ஆண்டு தாங்கும் என்கிறார்கள். டேப் தாங்கலாம், அதைப் படிக்கும் ட்ரைவ் தாங்குமா? எல்டிஓ-5 டேப்பை ஏழாம் தலைமுறை ட்ரைவ் படிக்கும், எட்டாம் தலைமுறை படிக்காது. ட்ரைவ் பிழைத்தாலும் எழுத்து பிழைக்க வேண்டுமே. 1995இல் தமிழை இணையத்தில் ஏற்றிய நம் நா. கோவிந்தசாமியின் கணியன் என்ற தமிழ் மென்பொருள் காலத்தில் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு. அன்றைய கோப்பு இன்று பிசிறில்லாமல் கிடைத்தாலும், அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் புள்ளி வைத்த ரோமன் எழுத்துகள்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு டேப்பிலும் முதல் கோப்பாக ஒரு குறிப்பு எழுதுகிறேன்: என்ன இருக்கிறது, எந்தக் கட்டளையில் எழுதியது, எந்த எழுத்துரு வேண்டும். அதே குறிப்பைத் தாளில் அச்சிட்டு உறைக்குள்ளும் வைக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு கல்யாணத்தை இறக்கி ஓட்டிப் பார்க்கிறேன். ஓடாத பேக்கப் வெறும் பிளாஸ்டிக்.

போன தீபாவளிக்கு ஒரு செட் டேப்பை ஈசூனில் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோனேன். தருமுன் ஒவ்வொன்றின் ஓரத்திலும் இருக்கும் சிறு தாழை நகத்தால் தள்ளினேன்; அதைத் திரும்பத் தள்ளும்வரை அதில் யாரும் எழுத முடியாது. அவள் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதை இங்க போட்டுப் பார்க்க முடியாதாண்ணே?"

"முடியாது."

"அப்புறம் எதுக்கு இங்க?"

"அதுக்குத்தான்."