ஞாயிற்றுக்கிழமை யாருக்குச் சொந்தம்?

வாரம் முழுவதும் மில்லில் நின்று கால் வீங்கிப்போன தொழிலாளியைப் பார்த்து, "ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடு, பத்துப் பேராகச் சேர்ந்து கிராமத்துப் பக்கம் போய் வா, கடற்கரைக்குப் போய் வா" என்று சொன்னால் அவர் என்ன சொல்வார்? "என் கால் என்ன இரும்பா?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. நமது சங்க ஊழியர்கள் சிலரோ இன்னொன்று கேட்பார்கள்: "போனஸ் பிரச்சினை கிடக்கிறது, வேலைப்பளு பிரச்சினை கிடக்கிறது, இந்த நேரத்தில் ஊர் சுற்றலா?" இதுவும் கேட்கவேண்டிய கேள்விதான்.

இரண்டுக்கும் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறோம். பதிலை நாமாகக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இங்கிலாந்தின் மில் தொழிலாளிகள் சொல்லிவிட்டார்கள். அந்தக் கதை நம் மக்களுக்கு அதிகம் தெரியாது.

லங்காஷயர் என்றதும் நமக்கு நினைவு வருவது நம் கைத்தறி நெசவாளரின் வாயில் மண் போட்ட மில் துணி. அது உண்மை. ஆனால் அந்தத் துணியை நெய்தவர்கள் யார்? விடியும் முன் சங்கொலி கேட்டு எழுந்து ஓடிய ஆண்களும் பெண்களும் சின்னஞ்சிறு குழந்தைகளும். நீராவியும் பஞ்சுத்தூசியும் நிறைந்த கூடத்தில் தறிகளின் இரைச்சலில் காது செவிடாகி, உதட்டசைவைப் பார்த்தே பேசிக்கொண்டவர்கள். சனிக்கிழமை பிற்பகல் அவர்களுக்கு வானத்திலிருந்து விழவில்லை. பத்து மணி நேர வேலைக்காக ஆண்டுக்கணக்கில் கிளர்ச்சி செய்தார்கள். அதன் பிறகுதான் 1850-ம் ஆண்டுச் சட்டம் வந்தது. நெசவாலைகளில் பெண்களையும் இளைஞர்களையும் சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்றது அது. பெண்கள் வெளியேறினால் தறி எப்படி ஓடும்? ஆண்களுக்கும் அந்த அரைநாள் கிடைத்தது. இன்று உலகமெல்லாம் 'வார இறுதி' என்று சொகுசாகச் சொல்கிறார்களே, அதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

நேரம் கிடைத்தது. போவதற்கு வண்டி? ரயில் கட்டணம் கொடுத்தால் தண்டவாளம் போகிற இடத்துக்குத்தான் போகலாம். அன்றைய சைக்கிளோ ஆளுயரச் சக்கரத்தின் மேல் ஏறி உட்காரும் கனவான்களின் விளையாட்டுச் சாமான். 1885-ல் கோவென்ட்ரி நகரில் இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவான, சங்கிலி கோத்த சைக்கிள் வந்தது. 1888-ல் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தார். அதன் பிறகுதான் சாதாரண மனிதன் சைக்கிளில் ஏற முடிந்தது. விலை பல வார ஊதியம். தவணைக்கும் பழைய வண்டிக்குமாக அலைந்துதான் தொழிலாளி வாங்கினார்.

1894 பிப்ரவரியில் பர்மிங்ஹாம் நகரில் விரல் விட்டு எண்ணக்கூடிய சில வாலிபர்கள் கூடி ஒரு சோஷலிஸ்டு சைக்கிள் சங்கம் ஆரம்பித்தார்கள். முன்நின்றவர் டாம் க்ரூம். மான்செஸ்டரில் ராபர்ட் பிளாட்ச்போர்டு 1891-ல் தொடங்கிய 'கிளாரியன்' என்ற ஒரு பென்னி வாரப் பத்திரிகையின் வாசகர்கள் அவர்கள். கிளாரியன் என்றால் எக்காளம். அந்தப் பெயரையே சங்கத்துக்கும் சூட்டிவிட்டார்கள். அந்த ஈஸ்டர் விடுமுறையில் சைக்கிளில் சுற்றுப்பயணம் போனார்கள். அந்தக் கதை பத்திரிகையில் வந்ததும் ஊருக்கு ஊர் சங்கம் முளைத்தது. அடுத்த ஆண்டு ஈஸ்டருக்குள் நாடு தழுவிய ஸ்தாபனமே ஆகிவிட்டது. முதல் உலக யுத்தத்துக்கு முன் அங்கத்தினர் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

இவர்கள் ஞாயிறுதோறும் என்ன செய்தார்கள்? இங்கேதான் நமது விவசாயத் தொழிலாளத் தோழர்கள் கவனிக்க வேண்டும்.

சைக்கிளில் பத்திரிகைக் கட்டும் பிரசுரங்களும் கட்டிக்கொண்டு கிராமங்களுக்குப் போனார்கள். ஊர்ப் பொதுவிடத்தில் வண்டிகளைச் சாய்த்து வைத்துவிட்டு ஒருவர் பேச, மற்றவர் பத்திரிகை விற்பார்கள். அந்தக் கிராமங்களில் நிலம் பண்ணைப் பிரபுவினுடையது. உழவுக் கூலியாள் குடியிருக்கும் வீடும் பெரும்பாலும் பண்ணையுடையது. வாயைத் திறந்தால் வேலையும் போகும், கூரையும் போகும். பாதிரியாரோ பிரபுவின் பக்கம். உள்ளூரில் யாரும் பேச முடியாததை வெளியூரிலிருந்து வந்த சைக்கிள்காரன் பேசினான். அவனை எந்த வீட்டிலிருந்து வெளியேற்றுவது? மாலையில் அவனே போய்விடுகிறான்! அடுத்த ஞாயிறு மறுபடியும் வந்து நிற்கிறான். தொழிலாளி-விவசாயி ஒற்றுமை என்று நாம் மேடையில் சொல்வது அங்கே இரண்டு சக்கரத்தில் போயிற்று.

பேச்சு மட்டும் என்று நினைத்துவிடக்கூடாது. பாட்டு உண்டு, கேலி உண்டு, ஆற்றங்கரையில் சாப்பாடு உண்டு. வழியில் இன்னொரு கிளாரியன்காரரைக் கண்டால் ஒருவர் "பூட்ஸ்!" என்று கத்துவார், மற்றவர் "ஸ்பர்ஸ்!" என்று பதில் கத்துவார். காலணி, குதிரைமுள். குதிரை ஏறும் கனவான்களைக் கிண்டல் பண்ணத்தானோ என்று நமக்குத் தோன்றுகிறது. முகத்தைச் சுளித்துக்கொண்டு புரட்சி பேசுகிற சில தோழர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

பெண்களும் வந்தார்கள். பின்னால் பெண்கள் ஓட்டுரிமைப் போரில் பெயர் பெற்ற கிறிஸ்டபெல், சில்வியா பேங்க்ஹர்ஸ்ட் சகோதரிகள் 1896-ல் மான்செஸ்டர் கிளாரியன் கூட்டத்தோடு சைக்கிள் விட்டவர்கள். பெண் சைக்கிள் ஏறினால் உடம்பு கெடும், ஒழுக்கம் கெடும் என்று டாக்டர்களும் பாதிரிகளும் எழுதிக்கொண்டிருந்த காலம் அது.

தங்கிப் போக இடம் வேண்டுமே? அதையும் தாங்களே செய்துகொண்டார்கள். பல இடங்களில் சங்க விடுதிகள் எழுந்தன. நெல்சன் என்ற நெசவாலை ஊரின் தொழிலாளிகள் 1912-ல் பெண்டில் குன்றின் அடிவாரத்தில் ஒரு 'கிளாரியன் வீடு' கட்டினார்கள். நெசவாளர் சங்கம் அதற்குக் கடன் கொடுத்து உதவியது. முதலாளியிடம் நன்கொடை கேட்டுக் கட்டியதல்ல. அந்த வீடு நூறு ஆண்டு தாண்டியும் ஞாயிறுதோறும் திறந்து, நடந்து வருபவருக்கும் சைக்கிளில் வருபவருக்கும் பெரிய குவளையில் டீ கொடுக்கிறது. நெல்சனின் நெசவாலைகள் மூடப்பட்டுவிட்டன. டீக்கடை மூடவில்லை.

கிளாரியன்காரர்கள் எல்லாம் குறையற்றவர்கள் என்று நாம் சொல்லவில்லை. பிளாட்ச்போர்டு போயர் யுத்தத்தில் பிரிட்டிஷ் சர்க்காரின் பக்கம் நின்றார். 1914-லும் அப்படியே யுத்த முரசு கொட்டினார். வாசகர்கள் பலர் வெறுத்துப் பத்திரிகையை விட்டார்கள். இன்னொன்றும் உண்டு. அந்த டயருக்கு ரப்பர் எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி காங்கோவிலிருந்து, கூடை நிறையாவிட்டால் கையை வெட்டிய பெல்ஜிய மன்னன் லியோபோல்டின் ராஜ்யத்திலிருந்து. பிறகு மலேயாத் தோட்டங்களிலிருந்து. அங்கே விடியுமுன் மரம் சீவியவர்களில் பெரும்பகுதி நம் தமிழ்நாட்டுக் கூலி மக்கள். லங்காஷயர் தொழிலாளியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தோஷத்துக்கு அடியில் ஞாயிற்றுக்கிழமையே இல்லாத நம்மவர் உழைப்பு உருண்டது. இதை அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் உணர்ந்திருந்தால் யுத்தத்துக்குக் கொடி பிடித்திருக்க மாட்டார்.

ஜெர்மனியில் இதைவிடப் பெரிது. 1896-ல் தொடங்கிய 'ஒருமைப்பாடு' என்ற தொழிலாளர் சைக்கிள் சங்கம் லட்சக்கணக்கில் அங்கத்தினரைச் சேர்த்தது; ஓஃபன்பாக் நகரில் சொந்தமாகச் சைக்கிள் தொழிற்சாலையே நடத்தியது. 1933-ல் ஹிட்லர் வந்ததும் சங்கத்தைத் தடை செய்து சொத்தைப் பறித்தான். உல்லாசப் பயணம் போகிறவர்களைக் கண்டு பாசிஸ்டுகள் ஏன் பயந்தார்கள்? ஒன்றாகச் சைக்கிள் விடுபவர்களுக்கு ஒருவரையொருவர் தெரியும், பாதைகள் தெரியும், ராத்திரியில் துண்டுப் பிரசுரம் கொண்டு போகத் தெரியும்.

இனி நிலத்தின் விஷயத்துக்கு வருவோம். ஊரைவிட்டு வெளியே வந்த தொழிலாளி கண்டது என்ன? வேலியும், 'உள்ளே வராதே' பலகையும். மான்செஸ்டருக்கும் ஷெப்பீல்டுக்கும் நடுவிலுள்ள மேட்டுநிலங்கள் பிரபுக்களின் பறவை வேட்டைக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. ஆண்டில் சில நாள் சுடுவதற்காக மற்ற நாளெல்லாம் மக்களுக்குத் தடை! 1932 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. மான்செஸ்டர் வாலிபர்கள் சில நூறு பேர் கிண்டர் ஸ்கௌட் மேட்டில் தடையை மீறி ஏறினார்கள். தலைமை தாங்கியவர் பென்னி ராத்மன். இருபது வயது, வேலையில்லாத மெக்கானிக், இளம் கம்யூனிஸ்டு, சைக்கிள் பிரியர். ரயில் நிலையத்தில் போலீஸ் காத்துக்கொண்டிருந்தது. அவர் சைக்கிளில் வந்து சேர்ந்துவிட்டார்!

காவலாட்கள் தடியோடு நின்றார்கள், கைகலப்பு நடந்தது. திரும்பும்போது கைது செய்தார்கள். விசாரித்த ஜூரியில் ராணுவ அதிகாரிகளும் நாட்டுப்புறக் கனவான்களும் நிறைந்திருந்தார்கள். தீர்ப்பு எப்படி இருக்கும்? ஐந்து பேருக்கு இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. ராத்மனுக்கு நாலு மாதம். ஆனால் 1949-ல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951-ல் அந்தப் பிரதேசமே முதல் தேசியப் பூங்காவாயிற்று. திறந்த மேட்டு நிலங்களில் நடக்கும் உரிமை 2000-ம் ஆண்டில் சட்டமாயிற்று. 2002-ல், அந்த நிலத்துக்குச் சொந்தக்காரராக இருந்த பிரபுவின் பேரன் பொதுமேடையில் மன்னிப்புக் கேட்டார். எழுபது ஆண்டு!

அண்மையில் ஒன்று நடந்தது. 2021-ல் கிளாரியன் சைக்கிள் சங்கத்தின் விதிகளிலிருந்து 'சோஷலிசம்' என்ற சொல்லை ஓட்டெடுத்து நீக்கிவிட்டார்கள். நியாயம், சமத்துவம் என்பன போன்ற சொற்கள் வந்தன. எதிர்ப்பும் கிளம்பியது. எல்லாரும் சேரட்டும், அரசியல் எதற்கு என்பது நீக்கியவர்களின் வாதம். எல்லாரும் சேர வேண்டியதுதான். ஆனால் அரசியல் இல்லாமல் அந்தச் சனிக்கிழமை பிற்பகல் எங்கிருந்து வந்திருக்கும்? கிண்டர் மேட்டின் வேலியை எந்தச் சைக்கிள் பந்தயம் திறந்துவிட்டது? கழுவிவிட்ட சொற்கள் காதுக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான்.

நம் நாட்டுக்கு வருவோம். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிறு விடியற்காலையில் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள்கள் போகின்றன. சிலவற்றின் விலை லட்சத்தைத் தொடும். போகட்டும், அவர்கள் மேல் நமக்குக் கோபமில்லை. அவர்களிலும் வாரம் முழுவதும் கம்ப்யூட்டர் முன் பிழியப்பட்டவர்கள் நிறைய. ஆனால் சைக்கிள் என்றால் இனி அது அவர்களுடையதுதான் என்ற எண்ணம் வந்துவிட்டது. தலைமுறை தலைமுறையாக டிபன் கேரியரை மாட்டிக்கொண்டு மிதித்தவர் யார்? இன்று அந்தப் பழைய வண்டி வீட்டு ஓரத்தில் துருப்பிடிக்கிறது. மோட்டார் சைக்கிளுக்குத் தவணை கட்ட மேல்நேர வேலை; மேல்நேர வேலையால் ஞாயிறு போயிற்று.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் கற்றார்களே, அதை நினைத்துப் பாருங்கள். கல்குவாரிக் கூலிப் பெண், விவசாயக் கூலிப் பெண், எல்லாரும். கேலி பேசியவர்களின் வாய் தானே அடைத்தது. அது கூட்டமாகச் செய்ததால் நடந்தது. தனியாக ஒருத்தி ஏறியிருந்தால் ஊர் அவளைக் கீழே இறக்கியிருக்கும்.

இறக்குவது என்றால் வெறும் பேச்சல்ல. ஆதிக்க சாதித் தெரு வந்ததும் தாழ்த்தப்பட்ட உழைப்பாளி சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டும் என்ற கொடுமையைத் தமிழ்நாட்டுக் கிராமங்கள் பல கண்டிருக்கின்றன. அங்கே பிரபு போட்டது முள்வேலி. இங்கே வேலியே கண்ணுக்குத் தெரியாது. மில் தோழர்கள் இருபது பேர் ஒரு ஞாயிறு அந்த ஊர்த் தோழர்களோடு கலந்து, எல்லாரும் சைக்கிள் மேலேயே அந்தத் தெருவைக் கடந்தால் என்ன? இதைவிட நல்ல உல்லாசப் பயணம் நமக்குத் தெரியாது.

ஓய்வு நாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாரம் ஒரு நாள் விடுமுறையையும் 48 மணி நேர வாரத்தையும் 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் எழுத்தில் வைத்தது. 2023 ஏப்ரலில் தினம் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா தமிழ்நாடு சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, மே தினத்தன்று வாபஸ் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. வயலில் நாற்று நடும் பெண்ணுக்கோ இந்தச் சட்டம் எதுவும் இல்லை. வேலை இருக்கும் நாள் உண்டு, வேலை இல்லாத நாள் உண்டு; ஓய்வு நாள் என்று ஒன்று கிடையாது. கூலி இல்லாத நாளை ஓய்வு என்று யாரும் சொல்லாதீர்கள்.

ஆகவே சங்கக் கிளைகள் மாதம் ஒரு ஞாயிறாவது இதைச் செய்து பார்க்கலாம் என்பது நம் யோசனை. துருப்பிடித்த வண்டிகளை முதல் நாள் மாலை சங்க ஆபீசில் வைத்து எண்ணெய் போட்டு, சங்கிலி மாட்டிச் சரி செய்யுங்கள். ஒட்டுப் போடத் தெரிந்த ஒருவர், காற்றடிக்கும் பம்ப் ஒன்று, சொல்யூஷன், ரப்பர் துண்டு. போகவர முப்பது கிலோமீட்டருக்கு மேல் முதலில் வேண்டாம். வேகம் கூட்டத்தில் மெதுவாகப் போகிறவருடைய வேகம். வாலிபர்கள் முன்னால் பறக்கக்கூடாது. பெண் தோழர்களை வரச்சொல்லிக் கூப்பிட்டால் போதாது. அன்றைக்கு வீட்டில் உலை வைப்பது யார் என்று முதல் நாளே ஆண் தோழர்கள் முடிவு செய்யவேண்டும். கட்டுச்சோறு அவரவருடையது, பத்திரிகைக் கட்டு பொதுவானது. போகிற கிராமத்துக்கு முன்கூட்டியே விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்குச் சொல்லியனுப்புங்கள். கடற்கரை ஊர்களுக்குப் போகிறவர்கள் மீன்பிடிக்கும் தோழர்கள் கரை திரும்பும் நேரம் பார்த்துப் போகவேண்டும். வெயில் ஏறிய பிறகு அங்கே பேச ஆள் கிடைக்காது.