ஸ்டிக்கரும் போகும், டாஷ்போர்டும் போகும்

“கொஞ்சம் தின்னர் தொட்டுத் துடைச்சா நிமிஷத்துல போயிடும் சார்.” பழைய கார் வாங்கிய எல்லோரும் இந்த யோசனையைக் கேட்டிருப்பார்கள். நானும் கேட்டேன், தலையாட்டினேன். டாஷ்போர்டில் முந்தைய உரிமையாளர் ஒட்டியிருந்த சாமி ஸ்டிக்கர் சொன்னபடியே நிமிஷத்தில் போனது. கூடவே பிளாஸ்டிக்கின் மேல்தோலும் போனது. உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிய வட்டம் ஒன்று மிஞ்சியது. வெயில் ஏறும்போது அது முன்கண்ணாடியில் பிரதிபலித்து இன்றும் கண்ணை உறுத்துகிறது. அதனால்தான் ஊரெங்கும் உலவும் இந்த யோசனைகளை ஒவ்வொன்றாக மறுக்க வேண்டியிருக்கிறது.

“தின்னரும் பெட்ரோலும் பசையை மட்டும்தான் கரைக்கும்.”

பசை எது, பிளாஸ்டிக் எது என்று கரைப்பானுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. தின்னர்களில் டொலுவீன், அசிட்டோன் போன்றவை கலந்திருக்கும். காருக்குள் பல இடங்களில் இருக்கும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கை அசிட்டோன் கரைத்தே விடும். ஸ்பீடாமீட்டரை மூடியிருக்கும் தெளிவான பிளாஸ்டிக்கில் பட்டால் மயிரிழை விரிசல் விழும். பெட்ரோலின் ஆபத்து இதைவிடப் பெரியது. மைனஸ் 40 டிகிரிக் குளிரில்கூடத் தீப்பற்றும் அளவுக்கு அது ஆவியாகும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. கால் வைக்கும் பள்ளத்தில் தேங்கி நிற்கும். ஒரு ஸ்டிக்கருக்காக யாரும் அந்தப் பொறியில் உட்காரக் கூடாது.

“மிச்சத்தை பிளேடால் சுரண்டிவிடலாம்.”

முன்கண்ணாடியில் சரி. பழைய ஃபாஸ்டாக்கை எடுக்க, சோப்புத் தண்ணீரில் நனைத்து, புது பிளேடைப் படுக்கைவாட்டில் பிடித்துத் தள்ளலாம். பின்கண்ணாடியில் அது கூடவே கூடாது. அங்கே உட்புறம் ஓடும் மெல்லிய கோடுகள் டிஃபாகர் கம்பிகள். 2012-இல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமுக்குத் தடை விதித்தபின் நிறைய கார்களில் ஃபிலிமை உரித்தார்கள். அப்படி உரிக்கும்போது பிளேடு ஒரு கோட்டை அறுத்துவிட்டால், மழைநாளில் அந்த வரியில் மட்டும் மூட்டம் விலகாது. டாஷ்போர்டின் சொரசொரப்பில் விழுந்த கீறலையோ எந்த பாலிஷும் நிரப்பாது. அங்கே பழைய ஏடிஎம் கார்டின் விளிம்பு போதும்.

“வெயிலில் நிறுத்தினால் தானே உரிந்து வரும்.”

இது பாதி உண்மை. சூடு பட்டால் பசை இளகும். ஆனால் வருடக்கணக்கில் வெயிலில் காய்ந்த ஸ்டிக்கர் அப்பளம்போல நொறுங்கும், பசையோ இறுகிப்போகும். தேவை சிறிது நேர இளஞ்சூடு. ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஆட்டிக்கொண்டே ஒரு நிமிடம் காட்டுங்கள். கை பொறுக்காத சூட்டைப் பிளாஸ்டிக்குக்கும் கொடுக்காதீர்கள். பிறகு ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, பின்பக்கமாக மடித்து, மெதுவாக இழுங்கள். கம்பிப் பதத்துப் பாகுபோலப் பசை நூல் நூலாக நீண்டு பிரிந்தால் சூடு சரி. காகிதம் கிழிந்தால் மறுபடி சூடு காட்டுங்கள். வெடுக்கென்று இழுத்தால் பசை விறைத்துக்கொண்டு இன்னும் கெட்டியாகப் பிடிக்கும்.

“தேங்காய் எண்ணெய் எங்கேயும் ஆகும்.”

பிளாஸ்டிக்கில் மிஞ்சிய பிசுக்குக்கு எண்ணெய் நல்ல மருந்துதான். பத்து நிமிடம் ஊறவிட்டு, துணியால் உருட்டி எடுத்து, பாத்திரம் கழுவும் சோப்பு நீரால் துடைத்துவிடலாம். ஆனால் கூரைத் துணியிலும் சீட் துணியிலும் எண்ணெய் ஊறினால் கறை தங்கிவிடும். முன்கண்ணாடியில் மிஞ்சிய எண்ணெய்ப் படலம் இரவில் எதிர்வண்டி வெளிச்சத்தைச் சிதறடிக்கும்.

இத்தனையிலும் முதலில் கேட்க வேண்டியது, ஸ்டிக்கர் எதன்மேல் ஒட்டியிருக்கிறது என்பதுதான். எந்த முறையையும் கண்ணில் படாத ஒரு மூலையில் சோதித்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். சன் வைசரில் உள்ள ஏர்பேக் எச்சரிக்கையை மட்டும் விட்டுவிடுங்கள். குழந்தை இருக்கையை எங்கே வைக்கக் கூடாது என்று சொல்வது அது.

என் காரின் கிளவ் பாக்ஸிலும் அதே சாமி ஸ்டிக்கர் இருந்தது. அதற்கு இளஞ்சூடும் எண்ணெயும் காட்டி இருபது நிமிடம் செலவிட்டேன். அது இருந்த இடம் எதுவென்று இப்போது எனக்கே தெரியவில்லை.