அயலார் கண்ணும் நம் வீட்டு முற்றமும்

சென்னைக் கடற்கரையில் வரிசையாக நிற்கும் தமிழ்ச் சான்றோர் சிலைகளை நம்மில் பலரும் கண்டிருப்போம். 1968 ஆம் ஆண்டு சென்னையில் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி அவை நிறுவப்பட்டன. அவற்றுள் மூன்று சிலைகள் அயல்நாட்டில் பிறந்தோர்க்கு உரியவை. இத்தாலியிற் பிறந்த வீரமாமுனிவர், அயர்லாந்திற் பிறந்த கால்டுவெல், கனடாவிற் பிறந்த ஜி. யு. போப் ஆகியோரே அம்மூவர். நம் மொழியைப் புகழ்ந்த அயலாரை நாம் மறப்பதில்லை. சிலை வைத்துப் போற்றுகிறோம். நன்று. ஆனால் அயலார் ஒருவர் நம் மொழியை விட்டு நம் வாழ்க்கையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் என்ன செய்கிறோம்? அதுவும் புகழாமல், "இது ஏன் இப்படி?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டால்?

சென்ற கோடை விடுமுறையில் இக்கேள்விக்கு என்னிடமிருந்தே எனக்கு விடை கிடைத்தது. அது பெருமைப்படத்தக்க விடையன்று. ஆயினும் எழுதுகிறேன்.

இராசிபுரத்திற்கு அருகிலுள்ள எங்கள் ஊருக்கு ஜப்பானிய ஆய்வு மாணவி ஒருவர் வந்திருந்தார். நம் பகுதிக் கிணற்றுப் பாசனம் பற்றியது அவருடைய ஆராய்ச்சி. மின்சார மோட்டார் வருமுன் எருது பூட்டிக் கவலை ஓட்டி நீர் இறைத்த காலத்தை அறிந்த முதியோரைக் காண விரும்பினார். ஓராண்டு தமிழ் பயின்றவர். மெல்லப் பேசினால் புரிந்துகொள்வார். புரியாத இடத்தில் மொழிபெயர்த்துச் சொல்ல நான் உடன் சென்றேன்.

எங்கள் தோட்டத்தில் எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் வேலை செய்கிறார். ஊருக்குக் கிழக்கேயுள்ள காலனியைச் சேர்ந்தவர். கவலைச் சாலுக்குத் தோல் தைப்பது அவர் தந்தையின் தொழில். எந்தத் தோல் நீரில் ஊறித் தாங்கும், தையல் எப்படி விழுந்தால் ஒழுகாது, வாய்க்காலில் நீர் கொட்டும் தோல் தும்பியை எப்படிக் கட்டுவது என்பனவெல்லாம் அவருக்கு அத்துபடி. அந்த மாணவி அவர் அருகே மண்ணில் அமர்ந்து, "ஐயா, சொல்லுங்கள்" என்று கேட்டு இரண்டு மணி நேரம் எழுதிக்கொண்டார். இத்தனை ஆண்டுகளில் அவரிடம் இவ்வளவு அறிவு இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை.

அப்போது என் சித்தப்பா மகன் ஓடி வந்தான். வயது பன்னிரண்டு. "மாட்டுக்குத் தட்டுப் போட்டியாடா?" என்று பெரியவரைப் பார்த்துக் கேட்டான். "போட்டுட்டனுங் சாமி" என்று அவர் எழுந்து நின்று சொன்னார்.

மாணவியின் எழுதுகோல் நின்றது. என் பக்கம் திரும்பினார். "தமிழில் பெரியவர்களுக்கு 'ங்க', சிறியவர்களுக்கு 'டா' என்று நான் படித்தேன். இங்கே தலைகீழாக இருக்கிறதே. நான் இலக்கணத்தைத் தவறாகப் படித்துவிட்டேனா?" என்று கேட்டார்.

ஜப்பானிய மொழியில் மரியாதைச் சொற்கள் நம்மைவிடப் பல படி மிகுதி என்பர். அம்மொழியில் வளர்ந்த செவிக்கு இது உடனே உறுத்தியிருக்கிறது. பிறந்தது முதல் கேட்டு வளர்ந்த என் செவிக்கு அன்றுவரை உறுத்தவில்லை.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது பாசத்தால் பேசுவது. அவர் எங்கள் வீட்டில் ஒருவர் மாதிரி" என்றேன். அவர் அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பெரியவர் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. முதலில் வந்தது சினமே. நேற்று வந்தவர் நம்மைக் கேள்வி கேட்பதா? தம் நாட்டில் குறையே இல்லையா? இவ்வாறு எண்ணினேன். இந்தச் சினம் எனக்கு மட்டும் உரியதன்று. இதற்கு ஒரு வரலாறே இருக்கிறது.

1927 ஆம் ஆண்டு அமெரிக்கப் பெண்மணி காதரின் மேயோ இந்தியாவைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சில மாதங்களே இந்நாட்டில் சுற்றியவர். குழந்தை மணம், தீண்டாமை, பேறுகாலக் கொடுமைகள், நோய் ஆகியவற்றை அடுக்கி, இத்தகைய மக்களுக்குத் தன்னாட்சி தகாது என்னும் முடிவுக்குப் படிப்பவரை இட்டுச் செல்வது அந்நூல். நாடே கொதித்தது. நூல் எரிக்கப்பட்டது. காந்தியடிகள் தமது 'யங் இந்தியா' இதழில் அதைச் சாக்கடை ஆய்வாளரின் அறிக்கை என்று கடிந்தார். இதுவரை நாம் எல்லோரும் அறிவோம். ஆனால் அதே கட்டுரையில், அந்நூலை அயல்நாட்டாரிடம் கொடுப்பது தகாது, இந்தியர் ஒவ்வொருவரும் படித்தால் பயன் உண்டு என்ற கருத்தையும் அவர் எழுதினார் என்பதை மேடைகளில் யாரும் சொல்வதில்லை.

நம் கொங்கு மண்ணைச் சேர்ந்த கோவை அ. அய்யாமுத்து இன்னும் ஒரு படி மேலே சென்றார். மேயோ கூறியது மெய்யா பொய்யா என்ற கேள்வியையே தலைப்பாக்கி 1929 இல் ஒரு நூல் எழுதினார். சொன்னவர் யார், எந்த நோக்கத்தோடு சொன்னார் என்பது ஒரு கேள்வி. சொன்னது உண்மையா என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் அன்றே இருந்தார்கள். அதே 1929 இல்தான் பெண்ணின் மண வயதைப் பதினான்காக வரையறுத்த சாரதா சட்டமும் நிறைவேறியது. மேயோவின் நோக்கம் தீயது. ஆயினும் குழந்தை மணம் பொய்யன்று.

புகழுரைக்கும் இதே அளவுகோல் வேண்டும். தாமஸ் மன்றோ 1792 முதல் 1799 வரை அலெக்சாண்டர் ரீடின் கீழ், இன்று தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அடங்கிய பாராமகாலில் வரி அலுவலராகப் பணியாற்றியவர். நாகரிகம் இரு நாடுகளுக்கிடையே வாணிபப் பொருளாகுமானால் இறக்குமதியால் ஆதாயம் பெறுவது இங்கிலாந்தே என்று அவர் 1813 இல் நாடாளுமன்றத்தில் சாட்சியம் அளித்தார். கேட்க இனிக்கிறது. ஆனால் அந்நாகரிகத்தில் காலனி மக்களின் பங்கு என்ன என்பதை அப்புகழுரை சொல்லவில்லை. இனிப்பதனால் ஒன்று முழு உண்மையாகிவிடாது. கசப்பதனால் ஒன்று பொய்யாகிவிடவும் செய்யாது.

வந்து பார்த்துப் போனவர்களை விடுங்கள். தங்கி வாழ்ந்தவர்கள் உண்டு. நம் கொல்லிமலைக்கு வந்த ஜெசி பிராண்டும் அவர் மனைவி ஈவ்லினும் அத்தகையோர். மதப் பணிக்காக வந்தவர்களே. ஆனால் மருத்துவமும் பள்ளியும் சாலையும் அவர்கள் கையால் வந்தன. அந்நாளில் மலைமக்களை வாட்டியது நரம்புச் சிலந்தி நோய். நோயுற்றவர் கிணற்றுக்குள் இறங்கிக் கால் நனைத்து நீர் எடுப்பதால் பரவுவது. புண்ணிலிருந்து புழுவை இழுத்தெடுத்த ஜெசி பிராண்டு, கிணற்றைப் பற்றியும் பேச வேண்டியிருந்தது. தண்ணீர் எடுக்கும் வழக்கத்தைக் குறை கூறுவது ஊர் வழக்கத்தைக் குறை கூறுவதுதானே! 1929 இல் அவர் காய்ச்சலால் மலையிலேயே மாண்டார். ஈவ்லின் மீண்டும் வந்து, ஓய்வுபெறும் வயதிற்குப் பின்னும் குதிரையேறி மலைதோறும் சுற்றி, 1974 இல் 95 ஆம் வயதில் மறைந்தார். 2000 ஆம் ஆண்டில் நரம்புச் சிலந்தி அற்ற நாடென இந்தியா உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது.

இவர்கள் மகன் பால் பிராண்டு, 1914 இல் பிறந்து, பின்னாளில் வேலூரில் தொழுநோயாளரின் முடங்கிய கைகளை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்திய பெரும் மருத்துவர். அவர் சிறுவனாக மலைநாட்டுப் பிள்ளைகளோடு நெல் வயலில் தவளை பிடிக்கச் சேற்றைக் கலக்கினாராம். முதியவர் ஒருவர் வந்து, கலங்கிய நீரோடு போகும் மண் திரும்பி வராது என்று அறிவுறுத்தினாராம். இதை அவர் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. முதுமையில் எழுதியும் வைத்தார். நாம் அயலாரிடம் கேட்டது போல அயலாரும் நம்மவரிடம் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர் இருவரும் வளர்ந்தனர்.

"நம் குறையை நாமே திருத்திக்கொள்வோம், அயலான் எதற்கு?" என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. நாமே திருத்திக்கொள்கிறோமா என்பதுதான் என் கவலை. நம் சேலம் மாவட்டத்தில் 2001 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஆறு வயதிற்குட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரவர்க்குப் பெண் குழந்தைகள் 851 பேரே. தமிழகம் முழுமைக்கும் அந்த எண் 942. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992 இல் முதன்முதல் தொடங்கப்பட்டதும் நம் சேலத்தில்தான். இதை எந்த வெள்ளைக்காரரும் எழுதவில்லை. நம் அரசின் கணக்கே சொன்னது. அதைக் கேட்டு நம்மில் எத்தனை பேர் உறக்கம் இழந்தோம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பெரியவருக்கு ஒரு மகன் உண்டு. எனக்கு ஆறேழு ஆண்டு மூத்தவர். அரசு கல்லூரியிற் பயின்றவர். படிக்கும் காலத்தில் ஊர்த் தேநீர்க் கடையில், "எங்களுக்கு மட்டும் ஏன் தனி டம்ளர்?" என்று கேட்டார். அரசியலமைப்பின் 17 ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டதே என்றும் சொன்னார். ஊர் என்ன சொன்னது? "நாலெழுத்துப் படிச்ச திமிரு" என்றது. என் வீட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள். சிறுவனாகிய நானும் சிரித்தேன். அவர் இப்போது திருப்பூரில் வேலை செய்கிறார். ஊர்ப்பக்கம் வருவது அரிது.

ஒரே கேள்விதான். அயல்நாட்டார் கேட்டால் ஆராய்ச்சி என்று நாற்காலி போடுகிறோம். கிழக்குத் தெருக்காரர் கேட்டால் திமிர் என்று விரட்டுகிறோம். அப்படியானால் நமக்கு உண்மையில் அயலார் யார்? கடல் கடந்து வந்தவரா, கால் மைலில் இருப்பவரா?

மறுநாள் காலை அந்த மாணவியிடம், நான் நேற்றுச் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டேன். உண்மையைச் சொன்னேன். அவர் வியக்கவில்லை. தம் நாட்டுக் கதையைச் சொன்னார். தோல் தொழிலும் இறைச்சித் தொழிலும் செய்தோரை இழிவாக ஒதுக்கிய வழக்கம் ஜப்பானிலும் உண்டு. அவர்களைப் புராக்கு மக்கள் என்பர். 1871 இல் அரசாணை அவ்வேற்றுமையை ஒழித்தது. ஒழித்தும் ஒழியாமையால் 1922 இல் அம்மக்களே கியோத்தோ நகரிற் கூடிச் சமநிலைச் சங்கம் கண்டனர். 1975 இல், அவர்கள் வாழும் ஊர்களின் பெயர்ப் பட்டியல் கம்பெனிகளுக்கு இரகசியமாக விற்கப்பட்டது அம்பலமாயிற்று. விண்ணப்பிப்பவர் எந்த ஊரினர் என்று பார்த்து வேலை மறுப்பதற்காம். "வெளிநாட்டார் கேட்டால் எங்கள் வீட்டிலும் அப்படி எதுவும் இல்லை என்றுதான் சொல்வார்கள்" என்றார் அவர். பிறகு குறிப்பேட்டைத் திறந்து, முதல்நாள் எழுதிய வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார்.

இடித்துரைக்கும் துணையில்லாத மன்னன் பகைவரின்றியே கெடுவான் என்பது வள்ளுவர் கருத்து. ஊருக்கும் அது பொருந்தும். இடித்துரைப்பவர் அயல்நாட்டாராயினும் அடுத்த தெருக்காரராயினும் சொல்லை எடைபோட்டு, மெய்யெனில் கொள்வோம்; பொய்யெனில் சான்று காட்டி மறுப்போம். "உனக்கென்ன உரிமை?" என்று கேட்பது மறுப்பாகாது. நான் சொன்னது போன்ற இனிய பொய் மறுப்பினும் கீழானது.

இப்போது நான் அந்தப் பெரியவரை "வாங்க, சொல்லுங்க" என்றுதான் அழைக்கிறேன். இதை ஒரு சாதனையாகச் சொல்லவில்லை. முதல்நாள் அப்படி அழைத்தபோது அவர் மகிழவில்லை. பதறினார். நாற்புறமும் பார்த்துவிட்டு, "எதுக்குங் சாமி இதெல்லாம்? யாராச்சும் கேட்டா எனக்குத்தானுங்களே வம்பு" என்றார். அப்பா அன்று மாலை, "என்ன புது மரியாதை?" என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சித்தப்பா மகன் மட்டும், "ஏனுங்ண்ணா, நானும் அப்படியே கூப்பிடட்டுமா?" என்று கேட்டான்.

கூப்பிடு என்றேன். அவன் இன்னும் பாதி நாள் மறந்துபோகிறான். நினைவுபடுத்துவது என் வேலை.

மூன்றாமாண்டு, இளங்கலை வரலாறு