நூதனசாலைச் சுவரும் மக்கள் கலையும்

அரசியல் புகுந்தால் கலை செத்துவிடும் என்று நீட்டி முழக்குவோர் நம்மிடையே இன்றும் உளர். அவர்களுக்கு ஒரு மரச்செதுக்குப் படத்தைக் காட்ட விரும்புகின்றோம். ‘சபா தானா ஆயர்கு’ என்பது அதன் பெயர். ‘என் தாயகம் சபா’ என்பது பொருள். மலேசியாவின் சபா மாநில கீதத்தின் பெயரும் அதுவே. கீதம் பாடும் தாயகத்தின் வளத்தோடு, அவ்வளத்தை அரிக்கும் ஊழலையும் துணியில் அச்சிட்டுக் காட்டுகின்றது இப்படம். இன்று அது அவுஸ்திரேலியாவில், பிறிஸ்பேன் நகரத்துக் குவீன்ஸ்லாந்துக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் உள்ளது.

இதனைப் படைத்தோர், சபாவின் ரானாவ் என்னும் மலைப்பகுதியில் 2010 இல் உருவான ‘பங்ரோக் சுலாப்’ குழுவினர். டூசுன், மூருட் முதலாய பழங்குடி மக்களின் பிள்ளைகள். சுலாப் என்பது உழவர் இளைப்பாறும் குடில். பங்ரோக், ‘பங்க் றொக்’ என்னும் இசையின் பெயர் உள்ளூர் நாவிற் பட்ட பாடு! இந்தோனேசியாவின் ‘மார்ஜினால்’ குழுவினரிடம் இவர்கள் மரச்செதுக்கைக் கற்றனர். பலர் கூடிப் பலகையைச் செதுக்குவர். மை பூசித் துணியை விரிப்பர். இசைக்கு ஆடியவாறே துணியைக் காலால் மிதித்து அச்செடுப்பர். தனிமேதை ஒருவனின் கையொப்பத்தைத் தேடும் விமர்சகருக்கு இங்கே ஏமாற்றமே.

2017 இல் கோலாலம்பூர்க் கண்காட்சியொன்றில் இப்படம் தொங்கியது. முறைப்பாடு எழுந்தது, படம் அகற்றப்பட்டது. மறு ஆண்டு, 2018 இல், பிறிஸ்பேனின் ஆசிய பசிபிக் கலைவிழா அதனை மதிப்போடு காட்சிக்கு வைத்தது. உடனே நம் தூய கலைவாதி கூறுவார்: “நூதனசாலை ஏற்றதன்றோ? ஆகவே அது கலைதான். அரசியல் தற்செயலாக ஒட்டிக்கொண்டது.” நூதனசாலையின் முத்திரை விழும்வரை அப்படம் வெறுந் துணியாகவா கிடந்தது?

நமது அணியிலும் சிலர் வேறு விதமாக நகைப்பர். ‘வாங்காதே, நீயே செய்’ என்பது இக்குழுவினரின் சுலோகம். அவர்தம் படைப்பு கலைக்கூடத்தின் உடைமையாகிவிட்டதே, மக்கள் கலை அங்கே புதைந்துவிட்டது என்பர். இத்தோழர்கள் மரச்செதுக்கின் இயல்பை மறந்து பேசுகின்றனர். பலகை ஒன்று, படிகள் பல. ஒரு படி சுவரில் தங்கினால் இன்னொன்று சந்தைக்குப் போகலாம். 1931 இல் லூ சுன் ஷங்காய் நகரில் இளைஞருக்கு மரச்செதுக்கு வகுப்பு நடத்தியதும், மரத்துண்டும் உளியும் ஏழைக்கும் எட்டும் என்பதனாலன்றோ? கலைக்கூடம் ஒரு படியைப் பூச்சி அரிக்காமல் பேணுவதில் நமக்கு வழக்கில்லை. அது எங்கிருந்து, எக்காரணத்தால் இறக்கப்பட்டது என்பதை மறைத்து, வெறும் அழகுப் பொருளாய்க் காட்டினால் வழக்குண்டு.

தூய கலைவாதிகளிடம் ஒன்று கேட்கின்றோம். கருத்தை உதறிவிட்டுக் கோட்டையும் கறுப்பு வெளுப்பையும் மட்டுமே ரசிக்க வேண்டும் என்பது உங்கள் போதனை. கோலாலம்பூரில் முறைப்பாடு எழுந்தது எந்தக் கோட்டின் மீது?