கடைசி இரண்டு நாட்களை முதலில் வையுங்கோ

வெளிநாட்டு மிஷன் பயணம் ஒன்றின் நிகழ்ச்சிநிரலை வாங்கிப் பாருங்கோ. எந்தச் சபை போட்டதென்றாலும் அநேகமாக ஒரே மாதிரித்தான் இருக்கும். முதல் ஏழெட்டு நாள் ஊழியம்: சிறுவர் நிகழ்ச்சி, வீடு சந்திப்பு, இரவுக் கூட்டம், எங்கேயாவது ஒரு சுவருக்குப் பெயின்ற். கடைசி இரண்டு நாள் ‘சுற்றிப் பார்த்தல்’. கென்யா என்றால் மசாய் மாரா. கம்போடியா என்றால் அங்கோர் வாட்டும் புனோம் பென் நகரத்துத் துவோல் ஸ்லெங் அருங்காட்சியகமும். வேலை முடிஞ்சுது, இனிக் கொஞ்சம் ஓய்வு என்ற கணக்கு.

இந்த ஒழுங்கைத் தலைகீழாக்க வேண்டும் என்பதுதான் எங்கட கருத்து. கம்போடியாவுக்குப் போய்வந்த பிறகு இதை இன்னும் அழுத்திச் சொல்லுறம்.

அங்கோரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒரு நாள் அனுமதிச்சீட்டு 37 அமெரிக்க டொலர். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்குக் கட்டிய கோயில், பிறகு பௌத்தத் தலமானது. பாற்கடல் கடையும் காட்சி ஒரு சுவர் நீளத்துக்குச் செதுக்கியிருக்கு. கெமர் எழுத்தே பல்லவர் கால எழுத்திலிருந்து வளர்ந்ததுதான். “விக்கிரகக் கோயிலுக்குள்ள போகலாமோ” என்று குழுக்களில் வழக்கமாக ஒரு விவாதம் வரும். போய்ப் பார்க்கிறதால ஒருவரின் விசுவாசமும் கரையாது. போகாமல் விட்டால், யாருக்குச் சுவிசேஷம் சொல்ல வந்தோமோ அவர்கள் எதில பெருமைப்படுகிறார்கள் என்று தெரியாமலே திரும்ப வேண்டியதுதான்.

துவோல் ஸ்லெங் அப்படிச் சுருக்கமாகக் கடந்து போகிற இடமில்லை. அது ஒரு உயர்நிலைப் பள்ளிக்கூடம். 1975 ஏப்ரல் 17இல் கெமர் ரூஜ் தலைநகரைப் பிடித்த பிறகு வகுப்பறைகள் சிறையறைகளாயின, S-21 என்று பெயர் வைத்தார்கள். 12,000 பேருக்கு மேல் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். உயிரோடு மிஞ்சினவர்கள் மிகச் சிலர். கொண்டுவந்த ஆக்களைப் படம் பிடித்துப் பதிவு செய்வது அந்தச் சிறையின் நடைமுறை. அந்தப் படங்கள்தான் இன்றைக்குப் பலகை பலகையாக நிற்குது. தாய் ஒருத்தி கைக்குழந்தையோடு நிற்கிற படமும் அதில இருக்கு.

முகாம்களும் வயல்களும் சிறைகளுமாக நாடு முழுக்க நடந்த அழிவில், நான்கு வருடத்துக்குள் ஏறக்குறைய 17 இலட்சம் பேர் இறந்தார்கள். திருச்சபையும் தப்பவில்லை. முதல் புரொட்டஸ்தாந்து மிஷனரிகள் 1923இலேயே அங்கே போயிருந்தார்கள். 1975க்குப் பிறகு புனோம் பென் பேராலயம் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது, உள்ளூர்ப் போதகர்கள், குருக்களில் பெரும்பாலானோர் அழிந்தார்கள். இன்றைக்கு அங்கே பாட்டுப் பாடுகிற ஒவ்வொரு சிறிய சபைக்கும் பின்னால் இந்த வரலாறு இருக்கு.

இப்ப நிகழ்ச்சிநிரலுக்குத் திரும்பி வாருங்கோ. முதல் எட்டு நாளும் கிராமத்துக் கூட்டங்களில் என்ன பிரசங்கம்? மன்னிப்பு. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் அறுபது வயதைத் தாண்டிய அத்தனை பேரும் அந்தக் காலத்தை உடம்பால் அனுபவித்தவர்கள். யாரை மன்னிக்கச் சொல்லுறம், எதை மன்னிக்கச் சொல்லுறம் என்பது பத்தாம் நாள்தான் குழுவுக்குத் தெரிய வருது. அந்தப் படங்களுக்கு முன்னால் நின்றபிறகு அதே பிரசங்கத்தை அதே குரலில் சொல்ல ஒருவராலும் ஏலாது.

S-21இன் பொறுப்பாளன் ‘டூச்’ என்ற காங் கெக் இவ். முன்பு கணித ஆசிரியர். 1990களில் கிறிஸ்தவரானார். 1999இல் அடையாளம் காணப்பட்டார். சபைகளில் இது பெரிய சாட்சியாகச் சொல்லப்படுகிற கதை: இவருக்கே மன்னிப்புக் கிடைச்சுதென்றால் உங்களுக்குக் கிடையாதா? ஆனால் கதை அதோட முடியவில்லை. சிறையிலிருந்து தப்பிய ஓவியர் வான் நாத் நீதிமன்றத்தில் நின்று சாட்சி சொன்னார். டூச் அழுது மன்னிப்புக் கேட்டார், விசாரணையின் கடைசியில் தன்னை விடுவிக்கும்படியும் கேட்டார். 2010இல் 35 வருடச் சிறை, 2012 மேன்முறையீட்டில் ஆயுள் தண்டனை. 2020இல் கைதியாகவே இறந்தார்.

அவருடைய மனமாற்றம் உண்மையா பொய்யா என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் யார்? ஆனால் ஒன்று சொல்லலாம். கடவுள் மன்னிக்கிறது கடவுளின் காரியம். வான் நாத்துக்குப் பதிலாக நாங்கள் மன்னிப்புக் கொடுக்க ஏலாது, கொடுக்கச் சொல்லி அவரை நெருக்கவும் எங்களுக்கு உரிமையில்லை.

இது எங்களுக்கு நல்லா விளங்க வேண்டிய விஷயம். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் தூக்கிப் பிடித்ததும் படங்களைத்தானே. “நடந்தது நடந்து போச்சு, மன்னிச்சு மறவுங்கோ” என்று வெளியிலிருந்து வந்தவர்கள் சொல்லும்போது எங்களுக்கு எப்படி இருந்தது? அதேபோல, போர் முடிந்த பிறகு பஸ் பஸ்ஸாக வந்து புதுக்குடியிருப்புப் பதுங்குகுழிக்கு முன்னால் படம் எடுத்த ஆக்களையும் நாங்கள் பார்த்திருக்கிறம். பார்க்கப்படுகிற பக்கத்தில் நின்ற சனம் நாங்கள். அந்த அனுபவத்தைப் பாஸ்போட்டோட சேர்த்துக் கொண்டு போக வேண்டும்.

இன்னொன்று. ‘ஊழியம்’ என்று போடப்படுகிற சில வேலைகள்தான் உண்மையில் வேடிக்கை பார்த்தல். அநாதை இல்லத்துக்குப் போய் ஒரு மணித்தியாலம் பிள்ளைகளைத் தூக்கிப் படம் எடுக்கிறது அதில் ஒன்று. கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையில் இந்த இல்லங்கள் 75 வீதம் கூடின. அங்கே இருக்கிற பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கினம். பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரரின் காசும் இந்தப் பெருக்கத்துக்கு ஒரு காரணம்.

அதனால அடுத்த குழுக்களிடம் நாங்கள் கேட்கிறது இவ்வளவுதான். முதல் இரண்டு நாளும் பேசாமல் பாருங்கோ. துவோல் ஸ்லெங்குக்கு உள்ளூர்ச் சபையில் உள்ள ஒரு மூத்தவர் விரும்பினால் அவரோட போங்கோ, அவர் கதைச்சால் கேளுங்கோ, கதைக்காவிட்டால் தோண்ட வேண்டாம். அநாதை இல்லத்தை நிரலிலிருந்து எடுங்கோ. என்ன பிரசங்கிக்கலாம் என்பதை மூன்றாம் நாள் உள்ளூர்ப் போதகரிடம் கேட்டு முடிவெடுங்கோ. சிலவேளை அவர், “பிரசங்கம் வேண்டாம், வந்து எங்களோட இருந்து சாப்பிடுங்கோ” என்று சொல்லக்கூடும். அதையும் ஊழியம் என்றே அறிக்கையில் எழுதுங்கோ.