நான் எந்த நாட்டு டீச்சர்?

இலங்கையில், யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்கில் உள்ள நாகர்கோவில் எங்கள் ஊர். 1995 செப்டம்பர் 22, மத்தியானம். பள்ளிக்கூடத்து மரத்தடியில் ஒதுங்கி நின்ற பிள்ளைகள் மேல் இலங்கை விமானப்படை விமானம் குண்டு போட்டது. 20-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் போய்விட்டார்கள். என்னோடு ஒரே வாங்கில் இருந்தவளும் போனாள். பார்த்து எழுதத் தந்த அவளுடைய கணக்குக் கொப்பி என்னிடம் இருந்தது. யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

மறு வருஷம் மன்னாரில் படகேறி ராமேஸ்வரம் வந்தோம். மண்டபம் முகாம், அப்புறம் வேறு முகாம். பத்துக்குப் பத்து வீட்டில் ஐந்து பேருக்கு நடுவில் உட்கார்ந்து படித்தேன். பி.ஏ. தமிழ், பி.எட். டீச்சராகத்தான் ஆவேன் என்று ஒரு வெறி. அந்த மரத்தடியில் நின்றதுகள் படிக்காமல் போன படிப்பை யாருக்காவது சொல்லிக்கொடுத்தே ஆக வேண்டும் என்ற வெறி.

இப்போது வெளிப்பதிவில், அதாவது போலீஸில் பதிந்துகொண்டு முகாமுக்கு வெளியே, கீழப்பழுவூரில் இருக்கிறேன். தமிழுக்காக 1964 ஜனவரி 25 அன்று திருச்சி ரயில் நிலையத்தில் தீக்குளித்த சின்னசாமியின் ஊர் இது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத்தான் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன், ஒரு தனியார் பள்ளியில், மற்றவர்கள் வாங்குவதில் பாதிச் சம்பளத்துக்கு. அரசுப் பள்ளி வேலை கேட்டுப் போன இடத்தில் ஒருவர் என் சான்றிதழை எல்லாம் புரட்டிப் பார்த்தார். "மார்க் நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா நீங்க இந்த நாட்டு ஆளு இல்லையே."

அப்படியென்றால் எந்த நாட்டு ஆள் நான்? குண்டு போட்ட நாட்டு ஆளா?

ஒருநாள் வகுப்பில் ஒரு பையன், "டீச்சர், உங்க ஊர்ல என்ன நடந்துச்சு?" என்று கேட்டான். சொன்னேன். மறுநாள் நிர்வாகம் கூப்பிட்டு, "அதெல்லாம் இங்க வேண்டாம்" என்றது. பிள்ளைகள் செத்ததைப் பிள்ளைகளிடம் சொல்லக்கூடாதா? நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் சாகாமல் தப்பிய எழுத்தாளர் எலி வீசலும் நாடற்றவராகத்தான் அமெரிக்கா போனார். 1963-ல் அவருக்குக் குடியுரிமை கொடுத்தார்கள். 1976-ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆக்கினார்கள். அவர் பார்த்ததைச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். நாங்கள் பார்த்தது மட்டும் ஏன் யாருக்கும் வேண்டாம்?

அண்டை நாடுகளிலிருந்து தப்பி வந்த இந்து, கிறிஸ்தவர் போன்றோருக்குக் குடியுரிமை கொடுக்க 2019-ல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதில் பாகிஸ்தான் இருக்கிறது, வங்கதேசம் இருக்கிறது, ஆப்கானிஸ்தான் இருக்கிறது. இலங்கை இல்லை. கோயிலுக்குப் போகிற நாங்களும் இல்லை, சர்ச்சுக்குப் போகிற எங்கள் சனமும் இல்லை. ஏன்? 2021-ல் அகதிகள் முகாமை மறுவாழ்வு முகாம் என்றார்கள். சந்தோஷம். வாழ்வு எங்கே? என் மகள் அரியலூரில் பிறந்தவள். யாழ்ப்பாணத்தைப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள். அவளும் அகதியாம். அவள் எங்கிருந்து தப்பி ஓடி வந்தாள்?

தொப்புள்கொடி உறவு என்று மேடையில் பேசினீர்களே, கைதட்டினீர்களே. உங்கள் பிள்ளை பிழையில்லாமல் தமிழ் எழுதுகிறது, என்னிடம் படித்து. இலங்கையையும் அந்தச் சட்டத்தில் சேர் என்று டெல்லியைக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு ஓட்டு இருக்கிறது. எனக்கு இல்லை.